வெண்தாடியும் நீலக் கண்ணும்

கேள்வி: கிறிஸ்தவ ஓவியங்களில் கடவுளை வெண்தாடிக் கிழவராகவும், இயேசுவை நீலக் கண் வெள்ளைக்காரராகவும் வரைந்து வைத்திருக்கிறார்கள். உருவமில்லாதவர் என்று சொல்லிவிட்டு உருவம் கொடுப்பது முரண் இல்லையா? இதில் ஆன்மிகப் பொருள் இருப்பதாகச் சொல்வது சப்பைக்கட்டுதானே?

பதில்: நீலக் கண் விஷயத்தில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. 1940-ல் வார்னர் சால்மன் என்ற அமெரிக்கர் வரைந்த, அலையலையான கூந்தலும் மெல்லிய வெளிச்சமுமான இயேசுவின் முகம் கோடிக்கணக்கில் அச்சாகி உலகமெங்கும் போனது. அதைப் பார்த்தே வளர்ந்த பலர் அதைப் புகைப்படம் போல நம்பிவிட்டார்கள். நான்கு சுவிசேஷங்களிலும் இயேசுவின் உயரம், நிறம், கண், தலைமுடி பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. கலிலேயாவில் வளர்ந்த யூதருக்கு ஐரோப்பிய முகம் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான்.

ஆனால் அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி எல்லாமே சப்பைக்கட்டு என்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் பிசகு. உங்கள் குற்றச்சாட்டு சாயலைப் பற்றியது. இந்தக் கலையின் நல்ல பகுதி சாயலைப் பிடிக்கவே முயலவில்லை.

ரோமில் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில் 3-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. தாடி மீசை இல்லாத இளைஞன், தோளில் ஒரு ஆடு. இயேசு இப்படித்தான் இருந்தார் என்று வரைந்தவரும் நினைக்கவில்லை, பார்த்தவரும் நினைக்கவில்லை. ஆடு சுமக்கும் மேய்ப்பன் ரோமானியக் கலையில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த உருவம். அதை எடுத்து, செத்தவர்களைக் கிடத்தும் இடத்தின் கூரையில் வரைந்தார்கள். தொலைந்ததைத் தேடி வந்து தூக்கிக்கொண்டு போகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று கல்லறையில் எழுதி வைப்பதற்குச் சமம் அது. அதில் மூக்கு எப்படி இருந்தால் என்ன?

வெண்தாடிக்கு வருவோம். தானியேல் தன் தரிசனத்தில் கண்ட ‘நீண்ட ஆயுசுள்ளவர்’ வெண்பஞ்சு போன்ற தலைமுடியோடு சிங்காசனத்தில் வீற்றிருக்கிறார். கிழவர் உருவத்துக்கு மூலம் அதுதான். நரை அங்கே காலத்துக்கும் முந்தியவர் என்பதற்கு அடையாளம். இருந்தாலும், அடையாளம் என்பதையே மறக்கடித்துவிடும் அடையாளம் இது. சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மைக்கேலாஞ்சலோ வரைந்த கிழவரைப் பார்க்கும்போது எனக்குத் தெய்வத்தைவிடத் தசைதான் அதிகம் தெரிகிறது. (அடிக்க வராதீர்கள்.) அதற்கு முன் பல நூற்றாண்டுகள் பிதாவைக் காட்ட வேண்டிய இடத்தில் மேகத்திலிருந்து நீளும் ஒரு கையை மட்டும் வரைந்தார்கள். அந்தக் கூச்சம் எனக்குப் பிடித்திருக்கிறது. 1667-ல் மாஸ்கோவில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கம் பிதாவை ஓவியமாக வரைவதையே தடை செய்தது. ஆக, உங்கள் ஆட்சேபத்தைத் திருச்சபையே உங்களுக்கு முன் எழுப்பியிருக்கிறது.

முரண் என்கிறீர்களே, அதற்காக பைசாந்தியப் பேரரசில் (கிழக்கு ரோமப் பேரரசுதான்) நூறு வருடத்துக்கு மேல் அடிதடியே நடந்தது. 754-ல் ஒரு சங்கம் படங்கள் கூடாது என்றது. 787-ல் நிகேயாவில் கூடிய சங்கம் கூடும் என்றது. மறுபடி தடை வந்து, 843-ல்தான் முடிவுக்கு வந்தது. படங்களுக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் தமஸ்குவின் யோவான் என்ற 8-ஆம் நூற்றாண்டுத் துறவி. அவருடைய வாதத்தின் சாரம் இது: காணமுடியாத கடவுளை நான் வரையவில்லை, உடலெடுத்து வந்து மனிதர் கண்ணுக்குத் தெரிந்தவரை வரைகிறேன். இதை மறுக்க வேண்டுமானால் அவர் உடலெடுத்ததையே மறுக்க வேண்டியிருக்கும். கொலோசெயர் நிருபத்தில் கிறிஸ்துவை ‘அதரிசனமான தேவனுடைய தற்சுரூபம்’ என்று பழைய தமிழ் வேதாகமம் சொல்லும் இடத்தில், கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் ‘எய்கோன்’. வழிபாட்டுப் படங்களுக்கு வழங்கும் ஐகான் என்ற பெயர் அதே சொல்தான்.

படத்துக்கு வணக்கம் செலுத்தலாம், ஆராதனை கடவுளுக்கு மட்டும் என்று 787-ல் பிரித்தார்கள். அந்தத் தீர்மானத்தை லத்தீனில் மொழிபெயர்த்தவர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட, மேற்கே பிராங்கிய மன்னர் சார்லமேனின் அரசவை கொதித்துப்போய் மறுப்பு நூலே எழுதியது. மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விக்கிரகம் செய்யாதே என்ற கட்டளை பிறந்ததாகச் சொல்லப்படும் சீனாய் மலையின் அடிவாரத்திலேயே, புனித கத்தரீனாள் மடத்தில், 6-ஆம் நூற்றாண்டு கிறிஸ்து படம் ஒன்று காப்பாற்றப்பட்டிருக்கிறது. உருக்கிய மெழுகில் நிறம் குழைத்து வரைந்தது. அந்த முகத்தின் வலப்பாதியைக் கையால் மறைத்துப் பாருங்கள், பிறகு இடப்பாதியை. ஒரு பாதி அமைதியாக, திறந்த பார்வையோடு இருக்கிறது. மறு பாதியில் புருவம் ஏறி, நிழல் விழுந்து, கடுமை தெரிகிறது. கருணையும் நியாயத்தீர்ப்பும் என்று சிலர் சொல்வார்கள். மனிதமும் தெய்வமும் என்று வேறு சிலர். இந்த முகத்தோடு நடமாடிய மனிதர் எவரும் இருந்திருக்க முடியாது. ஆனால் அதன் முன் நிற்பவருக்கு, தன்னை மன்னிக்கிறவரும் விசாரிக்கிறவரும் ஒரே ஆள்தான் என்பது புரியும். இதைத்தான் ஆன்மிகப் பொருள் என்கிறேன்.

இன்னும் சந்தேகமா? ஈசன்ஹைம் பலிபீட ஓவியத்தைப் பாருங்கள். 1512-க்கும் 1516-க்கும் இடையில் குரூனெவால்ட் என்ற ஜெர்மானிய ஓவியர் வரைந்தது, இப்போது பிரான்ஸில் கொல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது முதலில் இருந்தது புனித அந்தோணியார் சபைத் துறவிகளின் மருத்துவமனையில். ரை தானியத்தில் படரும் ஒரு பூஞ்சையால் வந்த கொடுநோய்க்காரர்கள் அங்கே வந்தார்கள்: தோல் எரியும், கைகால் அழுகும், பல பேருக்கு வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். அவர்கள் பார்த்த சிலுவையில் தொங்கியவருக்கு அழகிய முகம் இல்லை. உடல் முழுக்கப் புண், அங்கங்கே குத்தி நிற்கும் முட்கள், பச்சை பாய்ந்த தோல், இழுத்துக்கொண்டு விறைத்த விரல்கள். அவர்களுடைய நோயை இயேசுவின் உடம்பில் ஏற்றி வரைந்திருக்கிறார் குரூனெவால்ட். சிலுவையருகே, இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான் ஸ்நானகன் நீண்ட விரலால் அவரைச் சுட்டிக்கொண்டு நிற்கிறார். இயேசு சிலுவையில் அறையப்படுவதற்கு வெகு முன்பே ஏரோது மன்னனால் தலை வெட்டப்பட்டவர் அங்கே எப்படி வந்தார் என்று நீங்கள் கேட்பீர்கள். சாட்சி சொல்ல வந்தார். வரலாறு தெரியாமல் குரூனெவால்ட் அவரை அங்கே நிறுத்தவில்லை.

அந்த ஓவியம் கதவுபோல் திறந்து மூடும் பலகைகளில் வரைந்தது. மருத்துவமனையில் இருந்த காலத்தில், விழா நாட்களில் அவற்றைத் திறப்பார்கள். சிலுவை இரண்டாகப் பிரிந்து விலக, உள்ளே உயிர்த்தெழுந்தவர் பெரிய ஒளிவட்டத்துக்குள் எழும்பி நிற்பார். கைகளில் ஆணிக் காயங்கள் இருக்கும். தோலில் அந்தப் புண்களில் ஒன்றுகூட இருக்காது.