பகால் இறந்த நாள்: ஐந்து நாள் எங்கே போனது?

மாயா மன்னர் பகால் இறந்த நாளைக் கணக்கிட்டால் ஆகஸ்ட் 26 வருகிறது, புத்தகத்திலோ ஆகஸ்ட் 31 என்று இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் கூட்டியதில் தப்பே இல்லை. மெக்சிகோவின் பலெங்கேயில் கல்வெட்டுக் கோயில் கல்லறையில் புதைக்கப்பட்ட பகாலின் இறப்பு நாள், மாயா நீள்கணக்கில் (ஒரு தொடக்க நாளிலிருந்து கடந்த நாட்களை எண்ணும் முறை) 9.12.11.5.18. அதாவது 9×1,44,000 + 12×7,200 + 11×360 + 5×20 + 18 = 13,86,478 நாள். (பலர் 360க்குப் பதில் 400 போட்டுச் சறுக்குவார்கள், நீங்கள் சறுக்கவில்லை.) இதோடு, அந்தத் தொடக்க நாளுக்கு ஆய்வாளர்கள் கணித்த எண்களில் ஒன்றான 5,84,283ஐக் கூட்டினால் ஜூலியன் நாள் எண் (வானியலாளர்கள் தொடர்ச்சியாக எண்ணும் நாள் எண்) 19,70,761. உங்களுக்கு வந்த கி.பி. 683 ஆகஸ்ட் 26 அதுதான்.

புத்தகத்தில் ஆகஸ்ட் 31 என்று இருப்பதற்கு இரண்டு காரணம். அவர்கள் கூட்டிய எண் 5,84,285; அதில் இரண்டு நாள். நீங்கள் எடுத்தது ஜூலியன் நாட்காட்டி, அவர்கள் கிரிகோரியன். ஏழாம் நூற்றாண்டில் அந்த வித்தியாசம் மூன்று நாள். எந்த எண், எந்த நாட்காட்டி என்று குறிக்காமல் தேதி எழுதவே கூடாது.

சரிபார்க்க ஒரு வழி: மாயா நாள் பெயருக்கு முன் வரும் எண் 1 முதல் 13 வரை சுற்றி வரும். 13,86,478ஐ 13ஆல் வகுத்தால் மீதி 2. தொடக்க நாள் 4 அஹாவ், ஆக 4+2=6. கல்பெட்டி மூடியின் விளிம்பில் செதுக்கியிருப்பதும் 6 எட்ஸ்நாப் 11 யாஷ் (எட்ஸ்நாப் நாளின் பெயர், யாஷ் மாதத்தின் பெயர்). அங்கே நீள்கணக்கு கிடையாது, 52 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் இந்தச் சுழல் தேதி மட்டும்தான்.