சிவப்பு லேக்கர் அலமாரிக்குப் பாலிஷ் போடலாமா?

கேள்வி: சீனாவின் ஷான்சி பகுதியில் செய்த பழைய சிவப்பு லேக்கர் அலமாரி எங்களிடம் இருக்கிறது. கதவுகளில் தங்க நிறத்தில் பூக்களும் ஆட்களும். ஜன்னலைப் பார்த்த கதவு மங்கிவிட்டது, ஈரத்துணியால் துடைத்தால் வெளுக்கிறது. ஏசி போடும் அறை. ஓரங்களில் பூச்சு தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஆசாரியை வைத்துப் பாலிஷ் போடலாமா?

பதில்: வேண்டாம். ஈரத்துணியையும் இன்றோடு நிறுத்துங்கள்.

நம் ஆசாரிகளின் பிரெஞ்சு பாலிஷ், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. ஒரு பூச்சி தருவது. சீன லேக்கரோ ஒரு மரத்தின் பால். அது காய்வதில்லை, இறுகுகிறது, அதுவும் ஈரப்பதம் நிறைந்த காற்றில். பாலிலுள்ள ஒரு நொதி ஆக்சிஜனைக் கொண்டு செய்யும் வேலை அது. நன்றாக இறுகிவிட்டால் தண்ணீருக்கும் ஸ்பிரிட்டுக்கும் அசையாது. அப்பேர்ப்பட்ட பூச்சு தண்ணீர் பட்டு வெளுக்கிறதென்றால், ஜன்னல் வெயில்மீதுதான் என் சந்தேகம். புற ஊதாக் கதிர் மேற்பரப்பைச் சிதைத்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை உண்டாக்கும். அப்புறம் தண்ணீரே பகை. அதன்மேல் பாலிஷ் ஏற்றினால் விரிசலுக்குள் இறங்கிவிடும். பிறகு ஓவியத்துக்குச் சேதமில்லாமல் அதை எடுப்பது பெரும்பாடு.

உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். பழைய சிவப்பு லேக்கரில் பெரும்பாலும் சேர்த்தது சிந்தூரம், அதாவது பாதரச சல்ஃபைடு. தேய்த்தால் அந்தத் தூசி உங்கள் மூச்சில். தங்க வேலையோ லேக்கரின் மேல் மெல்லிசாக ஒட்டியிருப்பது, முதல் தேய்ப்பிலேயே போய்விடும். (நம் சோழமண்டலக் கரை வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் ‘கோரமண்டல்’ என்று பெயர் பெற்ற சீனத் திரைகள் இன்னும் மோசம். செதுக்கிய பள்ளங்களில் நிரப்பிய வண்ணம் ஈரத்துணியோடு வந்துவிடலாம்.)

ஓரம் தூக்குவதற்கு ஏசிதான் முக்கியக் காரணமாக இருக்கும். வறண்ட காற்றில் மரப்பலகை அகலவாக்கில் சுருங்கும். மேலிருக்கும் பூச்சு அந்த அளவுக்குச் சுருங்காது. அடிப்பூச்சில் களிமண்ணோடு விலங்குப் பசையோ பன்றி ரத்தமோ கலப்பது வழக்கம், அதனால் விரிசல் வழியே இறங்கும் ஈரமும் பிடிப்பைக் குலைக்கும். வெள்ளைப் பசை வைத்து நீங்களே அழுத்தாதீர்கள், தூக்கிய சில்லு நொறுங்கிவிடும்.

சரி, என்னதான் செய்வது? ஜன்னலை விட்டு நகர்த்துங்கள், ஏசி காற்று நேராகப் படக்கூடாது. ஈரப்பதம் 50–55 சதவீதத்தில் ஏறி இறங்காமல் இருந்தால் நல்லது. தூசிக்கு மென்மையான ஓவியத் தூரிகை போதும், தூக்கிய இடங்களைத் தொடாமல். உதிர்ந்த சில்லுகளை உறையில் போட்டு, எங்கிருந்து விழுந்தது என்று எழுதி வையுங்கள். லேக்கரில் பழகிய பாதுகாப்பு வல்லுநர் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.