எம்எஸ் நோய் யோகாவாலும் தியானத்தாலும் குணமாகுமா?

குணமாகாது. ஆனால் இரண்டும் உதவும், அதுவும் மருந்து எட்டாத இடத்தில்.

உங்கள் தங்கைக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்று தெரிந்ததும், "ஊசியெல்லாம் எதற்கு, யோகா செய்தாலே போதும்" என்று உறவினர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இதே நோய்தான். அந்த உறவினர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள்.

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மயலின் உறையைத் தாக்குவதுதான் எம்எஸ். அந்தத் தாக்குதலை அடக்கத்தான் நரம்பியல் மருத்துவர் ஊசியோ மாத்திரையோ தருகிறார். அதன் இடத்தை ஆசனமோ தியானமோ பிடித்ததாக எந்த ஆய்வும் காட்டவில்லை. எனவே ஊசி தொடரட்டும்.

இனி எம்எஸ் தரும் சோர்வுக்கு வருவோம். இரவு முழுவதும் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும், குளித்து முடித்ததுமே உட்கார்ந்துவிடத் தோன்றும். பார்ப்பவர்கள் சோம்பல் என்பார்கள். இதற்கு வழக்கமாக எழுதித்தரப்படும் அமன்டடின், மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் ஆகிய மூன்றையும் மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2021இல் வெளியானது. போலி மாத்திரையை எதுவும் மிஞ்சவில்லை. யோகாவுக்கு வேலை இருப்பது இங்கேதான்.

2004இல் அமெரிக்காவின் ஆரிகனில் நடந்த ஆய்வு ஒன்றில் எம்எஸ் உள்ள 69 பேர் சேர்ந்தார்கள். ஒரு குழு வாரந்தோறும் ஐயங்கார் யோகா (பி.கே.எஸ். ஐயங்கார் வகுத்த முறை) வகுப்புக்குப் போனது, இன்னொரு குழு நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் உடற்பயிற்சி செய்தது, மூன்றாவது குழு எந்தப் பயிற்சியும் இல்லாமல் காத்திருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் யோகா செய்தவர்களுக்குச் சோர்வு குறைந்திருந்தது. சைக்கிள் மிதித்தவர்களுக்கும் அதே அளவுக்குக் குறைந்திருந்தது! நினைவாற்றல், கவனம் போன்றவற்றில் இரு குழுவுக்கும் முன்னேற்றம் இல்லை. ஆகவே தங்கைக்கு யோகா பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், அந்த மாதிரி சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

எனக்கு யோகா ஒத்துவந்ததற்குக் காரணம் ஐயங்கார் முறையில் நாற்காலி, பெல்ட், சுவர் எல்லாவற்றையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். கால் நடுங்கும் நாளில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீரபத்ராசனம் செய்யலாம்.

தியானத்துக்கு வலுவான சான்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து 2010இல் வந்தது. 150 பேரைக் கொண்டு எட்டு வாரம் நடந்த மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்தக் கணத்தில் கவனம் வைக்கும் பயிற்சி அது. மனச்சோர்வும் உடல் சோர்வும் குறைந்தன, பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்தும் பலன் பெருமளவு நீடித்தது. என்னைக் கேட்டால், அடுத்த ரிலாப்ஸ் (நோய் மறுபடி தீவிரமாவது) எப்போது வரும் என்ற பயத்தை அது போக்கிவிடவில்லை. அந்தப் பயம் வந்த பிறகும் வேலையைத் தொடர முடிகிறது, அவ்வளவுதான்.

உறவினர்கள் கொண்டாடக்கூடிய ஆய்வும் ஒன்று உண்டு. 2012இல் வெளியான அதில் 121 பேர் பங்கேற்றனர். மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சி பெற்றவர்களின் எம்ஆர்ஐ ஸ்கேனில், பயிற்சி நடந்த 24 வாரங்களில் மூளையில் புதிய பாதிப்புகள் குறைவாகவே தென்பட்டன. பயிற்சி நின்றதும் அந்த வித்தியாசமும் மறைந்துவிட்டது. இதை நம்பி மருந்தை விட முடியாது.

யோகா ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை இரண்டு. முதலாவது சூடு. உடல் வெப்பம் சற்று ஏறினாலே பலருக்குப் பார்வை மங்கும், கால் தளரும். உடலை வருத்தியதும் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் 1890இலேயே பதிவு செய்திருக்கிறார். உடல் குளிர்ந்ததும் சரியாகிவிடும், புதிய சேதம் இல்லை. ஆனாலும் சூடேற்றிய அறையில் செய்யும் யோகா வேண்டவே வேண்டாம். நம் ஊர் மே மாதத்தில் மொட்டை மாடி வகுப்பும் அதற்குச் சமம்தான். விடியற்காலை, மின்விசிறிக்குக் கீழே, பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர் என்பது என் ஏற்பாடு.

இரண்டாவது கழுத்து. தலையைக் குனிந்தால் முதுகு வழியாக மின்சாரம் பாய்வதுபோல் சிலருக்கு இருக்கும். தங்கைக்கு அது உண்டென்றால் கழுத்து மடங்கும் சர்வாங்காசனம், ஹலாசனம், மோவாயை மார்போடு அழுத்தும் ஜாலந்தர பந்தம் மூன்றையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

யோகாவோடு சேர்த்து "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" சூரணம் எதையாவது யாரேனும் நீட்டுவார்கள். இங்கே அந்தச் சக்திதான் வழி தவறி நம்மையே தாக்கிக்கொண்டிருக்கிறது, அதை அடக்கவே மருந்து. எந்தப் பொடியானாலும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டாமல் வாயில் போட வேண்டாம்.

முதலில் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டி எந்த அசைவு பாதுகாப்பானது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பணம் கட்டுவதற்கு முன் ஒருநாள் வகுப்புக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். நாற்காலி கேட்டால் எடுத்துக் கொடுக்கும் ஆசிரியர் என்றால் சேர்த்துவிடலாம். மருந்தை நிறுத்தச் சொல்பவர் என்றால் அன்றே கிளம்பிவிடுங்கள்.