நைட்டியோடு வேலை தேடலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஆள்குறைப்பில் வேலை போய், எட்டு மாதமாகக் குத்தாலம் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். ஆன்லைனில் விண்ணப்பிக்கிறேன், ஆனால் லேப்டாப்பைத் திறக்கவே மனசு வருவதில்லை. காலையில் போட்ட நைட்டி ராத்திரி வரைக்கும் அப்படியே. "குளித்து நல்ல டிரஸ் போட்டு உட்கார், தானாக வேகம் வரும்" என்கிறாள் தோழி. உண்மையா? வீட்டில் சுடிதார் போட்டாலே "எங்கே கிளம்பிட்டே?" என்று தெருவே கேட்கிறது. (வாசகி, வயது 29)

பதில்: தோழி சொல்வது பாதி சரி. உடுப்பு மாற்றினால் உற்சாகம் பொங்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். பொழுதுக்கு ஒரு வரப்பு கட்டும், அது நிச்சயம். வரப்பில்லாத வயலில் தண்ணீர் நிற்காது என்பது உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

2012இல் ஹயோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் ஒரே வெள்ளைக் கோட்டைச் சிலரிடம் டாக்டர் கோட்டு என்றும், சிலரிடம் ஓவியர் கோட்டு என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். டாக்டர் கோட்டு என்று நம்பிப் போட்டவர்கள் கவனச் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். உங்கள் தோழி சொல்வது இதன் வால்தான். ஆனால் கோட்டு போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட அவர்களுடைய முதல் சோதனையை 2019இல் வேறொரு குழு கூடுதல் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னும் பழைய சங்கதி. 1930 வாக்கில் ஆஸ்திரியாவில் மரியென்டால் என்ற ஊரில் துணி ஆலை மூடி, கிட்டத்தட்ட ஊரே வேலையிழந்தது. மரீ யகோடா என்ற ஆய்வாளரும் குழுவினரும் அங்கே போய்ப் பார்த்தார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அங்கங்கே நின்றார்கள். வீட்டு வேலை ஓயாத பெண்கள் அப்படி நிற்கவில்லை. எதற்கும் மணிக்கணக்கு இல்லாதபோது மனசு சோர்கிறது.

நைட்டி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சித்திரை வெயிலுக்கு அதைவிட உசத்தி எது? ஆனால் கோலம் போட்டதும் அதோடுதான், சாம்பார் தாளித்ததும் அதோடுதான், ரெஸ்யூம் அனுப்புவதும் அதோடுதான். கொரியர்காரர் வாசலில் கூப்பிட்டால் கதவுக்குப் பின்னால் தொங்கும் துண்டை எடுத்து மேலே போட்டுக்கொண்டு ஓடுவீர்களே, அந்த நொடியைக் கவனியுங்கள். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்ற நிலையில் இருந்துகொண்டுதான் முன்பின் தெரியாத கம்பெனிக்கு "என்னைப் பாருங்கள்" என்று எழுதுகிறீர்கள்.

ஆகவே துண்டு தேவைப்படாத உடை போதும். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு யோசிக்காமல் போய்வரக்கூடிய இரண்டு மூன்று காட்டன் சுடிதாரைத் தனியாக எடுத்து வையுங்கள். பத்து மணிக்குப் போடுங்கள், பன்னிரண்டரைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றுவதும் முக்கியம். அதே உடையில் மதியத் தூக்கம் போட்டால் அதுவும் ஒரு வாரத்தில் நைட்டியாகிவிடும். மனசு வந்தபின் உட்காரலாம் என்று காத்திருக்காதீர்கள். அது பெரும்பாலும் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும்.

இன்டர்வியூ உடையை இதில் கலக்க வேண்டாம். புதிதாகத் தைத்ததை அன்றைக்கே முதல் தடவை போடாதீர்கள். அக்குளில் பிடித்தால் பாதிக் கவனம் அங்கேதான். உழவன் எக்ஸ்பிரஸில் இரவுப் பயணம் என்றால் அதைப் பையில் வைத்து, சென்னையில் இறங்கி மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் காயப்போட்ட துணியை முகர்ந்து பார்க்காமல் எடுத்துப் போகாதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது உடை விஷயமில்லை. அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

சரி, தெருவுக்கு என்ன பதில்? "பத்து மணிக்கு எனக்கு ஆபீஸ், அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள். நாலு நாள் சிரிப்பார்கள். அப்புறம் என்றைக்காவது பதினொரு மணிக்கு நைட்டியோடு வாசலில் நின்றால்தான் "என்னம்மா, இன்னைக்கு லீவா?" என்று கேட்பார்கள்.