டொமினிகன் ரிபப்ளிக்ல இருக்கற கபரேட்டேவுக்கு ஒரு வாரம் போறோம், கைட்சர்ஃபிங்கும் சர்ஃபிங்கும் கத்துக்கறதுக்காகவே. எப்படி பிளான் பண்ணலாம்?

கேள்வியில நீங்க சொல்லியிருக்கறது: நியூ ஜெர்சியில இருக்கீங்க, கணவன் மனைவி ரெண்டு பேரும் முப்பதுகள்ல, பூல்ல நல்லா நீந்துவீங்க ஆனா கடல் பழக்கம் இல்ல, டொமினிகன் ரிபப்ளிக் போயி ரெசார்ட்ல படுத்துக்கிடக்காம தண்ணியில ஏதாவது கத்துக்கணும், பிப்ரவரியா ஜூலையான்னு இன்னும் முடிவு பண்ணல. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஊர் இது, அடிக்கடி போயிட்டு வர்ற இடம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு. நம்மாளுங்க ட்ரிப் பிளான்னாலே திங்கக்கிழமை இது செவ்வாய்க்கிழமை அதுன்னு ஷீட் போட்டு எல்லாத்துக்கும் முன்கூட்டியே பணம் கட்டிடுவோம். கபரேட்டேல அது வேலைக்கு ஆகாது. அங்க டைம்டேபிள் போடறது காத்துதான். எந்த நேரத்துல எது பண்ணலாம்ங்கறதை காத்து முடிவு பண்ணும், நீங்க அதுக்கு ஏத்த மாதிரி இடம் விட்டு வச்சீங்கன்னா வாரம் பூரா சூப்பரா போகும்.

இது எப்படின்னு சொல்லிடறேன். கரீபியன்னு பேரு இருந்தாலும் கபரேட்டே இருக்கறது தீவோட வடக்குக் கரையில, முன்னாடி இருக்கறது அட்லாண்டிக். கிழக்குப் பக்கத்துலேர்ந்து வர்த்தகக் காத்து வருஷம் பூரா வீசிட்டே இருக்கும். ஊருக்குப் பின்னாடி மலை. ராத்திரி குளுந்து போன நிலத்துலேர்ந்து காலைல லேசா கடலைப் பாத்து காத்து அடிக்கும், அப்ப அலையெல்லாம் வழவழன்னு சுத்தமா வரும், அது சர்ஃபிங்குக்கு. வெயில் ஏற ஏற நிலம் சூடாகும், கடல்லேர்ந்து காத்து உள்ள வர ஆரம்பிக்கும், அது வர்த்தகக் காத்தோட சேர்ந்துக்கும், பதினொண்ணு பன்னெண்டு மணிக்கு மேல கடல் பூரா வெள்ளை நுரை கிளம்பும், அது கைட்டுக்கும் (பெரிய பட்டம் இழுக்க பலகை மேல நின்னு தண்ணியில போறது) விண்ட்சர்ஃபிங்குக்கும் (பலகையிலயே பாய் கட்டிப் போறது). சாயங்காலம் வெயில் இறங்கினா காத்தும் இறங்கிடும். காலைல எழுந்ததும் மலைப் பக்கம் பாருங்க, வானம் தெளிவா இருந்தா மதியம் காத்து பெரும்பாலும் வந்துடும், கருமேகம் மூடிட்டு மழை தூறிட்டு இருந்தா நிலம் சூடாகாது, காத்தும் சோம்பிடும். அன்னைக்கு வேற ஏதாவது பண்ண வேண்டியதுதான்.

இப்ப மாசம். ஜூன் கடைசிலேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் காத்து நம்பகமா அடிக்கும், கைட் கத்துக்கறதுதான் முக்கியம்னா கண்ணை மூடிட்டு ஜூலை போங்க. பிப்ரவரில வட அட்லாண்டிக் புயல்களோட அலை இறங்கி வரும், சர்ஃபிங்குக்கு அதுதான் சீசன், காத்து இருக்கும் ஆனா தினம் இருக்கும்னு சொல்ல முடியாது. உங்களுக்கு கடல் பழக்கம் இல்லாததால என் ஓட்டு ஜூலைக்கு, ஏன்னா அப்ப காலை அலை சின்னதா இருக்கும், புதுசா கத்துக்கறவங்களுக்கு அதுதான் நல்லது, மதியம் கைட்டுக்கும் காத்து கிடைக்கும். சூறாவளி சீசன் ஜூன்லயே தொடங்கிடுது, ஆனா ஆகஸ்ட் நடுவுலேர்ந்து அக்டோபர் வரைக்கும்தான் அது உச்சத்துல இருக்கும், ஜூலைல பயம் கம்மி. இருந்தாலும் பயண இன்சூரன்ஸ் எடுங்க, எடுக்கும்போது கைட்சர்ஃபிங்கை கவர் பண்ணுதான்னு படிச்சுப் பாருங்க, நிறைய பாலிசியில அதைத் தனியா வெளிய தள்ளி வச்சிருப்பாங்க.

ஃப்ளைட் புவெர்ட்டோ பிளாட்டாவுக்குப் போடுங்க, புன்ட்டா கானாவுக்குப் போட்டுடாதீங்க, அது தீவோட இன்னொரு மூலை, ரோட்டுலயே ஒரு நாள் போயிடும். புவெர்ட்டோ பிளாட்டா ஏர்போர்ட்லேர்ந்து கபரேட்டே அரை மணி நேரம்தான். இந்தியன் பாஸ்போர்ட்டா இருந்தா, செல்லுபடியாகற அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருக்கறவங்களுக்கு தனி டூரிஸ்ட் விசா தேவைப்படாது, கிளம்பறதுக்கு முன்னாடி தூதரக சைட்ல ஒருதடவை உறுதி பண்ணிக்கோங்க. இ-டிக்கெட்னு ஒரு ஆன்லைன் ஃபார்ம் இருக்கு, ஃப்ளைட் டிக்கெட் இல்ல, நாட்டுக்குள்ள நுழையறதுக்கான ஃபார்ம், இலவசம், அதை நிரப்பி க்யூஆர் கோடை போன்ல வச்சுக்கோங்க.

தங்கற இடம் ரொம்ப முக்கியம். ஊர் நீளமா ஒரே ரோடு, ஒரு பக்கம் பீச், இன்னொரு பக்கம் லகூன், அதாவது கடலோர ஏரி. நடு ஊர் பீச்ல ஹோட்டல் சாப்பாட்டுக் கடை எல்லாம் மணல்லயே மேசை போட்டிருப்பாங்க, விண்ட்சர்ஃபிங் சென்டர்கள் அங்கதான். வளைகுடாவோட மேற்கு மூலைல போசோ பீச், அதையும் தாண்டி கைட் பீச், இன்னும் மேற்கே, ஊர்லேர்ந்து சுமார் நாலு கிலோமீட்டர்ல என்குவென்ட்ரோ, அது சர்ஃபிங் இடம். உங்களுக்கு கைட் பீச் பக்கம் ஒரு சின்ன அபார்ட்மென்ட் எடுத்துக்கறது நல்லது, கிச்சனோட, ஏன்னா ஈரத் துணியோட மதியம் வந்து ஏதாவது சாப்டுட்டு திரும்ப ஓட முடியும். ராத்திரி ஆட்டம் பாட்டம் வேணும்னா ஊருக்குள்ள, ஆனா விடிகாலைல எழணும்னா அந்த சத்தம் ஆகாது.

சரி, கைட். இதுக்கு கபரேட்டே ஏன் இவ்ளோ பேர் வாங்குச்சுன்னா, கரைலேர்ந்து கொஞ்சம் தூரத்துல பவளப்பாறை வரிசை இருக்கு, பெரிய அலையெல்லாம் அங்கயே உடைஞ்சிடும், உள்பக்கம் தண்ணி ஓரளவு அமைதியா இருக்கும். காத்தும் கரைக்கு சாய்வா உள்நோக்கி அடிக்குது, அதாவது உங்க கைட் விழுந்து நீங்க ஒண்ணும் பண்ண முடியாம மிதந்தாலும் நடுக்கடலுக்குப் போக மாட்டீங்க, மெதுவா கரைக்கே வந்து சேருவீங்க. 1980கள்ல விண்ட்சர்ஃபிங்காரங்க வந்து பிரபலமாக்கின ஊர், 90கள் கடைசியில கைட் வந்துச்சு. அந்த ஊர்ப் பசங்க சும்மா இல்ல, 2018 யூத் ஒலிம்பிக்ஸ்ல கைட்ல தங்கத்தைப் பகிர்ந்துக்கிட்ட டெய்ரி கோர்னியெல் இந்தக் கரையில வளர்ந்த பையன்தான்.

ஸ்கூல் பாக்கும்போது ஐகேஓ (சர்வதேச கைட்போர்டிங் அமைப்பு) சர்டிஃபிகேட் இருக்கற இன்ஸ்ட்ரக்டரான்னு கேளுங்க, ஹெல்மெட்ல ரேடியோ குடுப்பாங்களான்னு கேளுங்க, தண்ணிக்குள்ள நீங்க தத்தளிக்கும்போது அவர் கரையிலேர்ந்து காதுல பேசறது எவ்ளோ பெரிய உதவின்னு அப்பதான் தெரியும். ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு ரெண்டு பேருக்கு மேல வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் ஒரே வெயிட்டா இல்லன்னா தனித்தனியாவே எடுங்க, ஒரே சைஸ் கைட் ரெண்டு பேருக்கும் ஒத்து வராது.

முதல் நாள் போர்டையே தொட விட மாட்டாங்க. மணல்ல சின்ன கைட் வச்சு கடிகார முள்ளு மாதிரி பன்னெண்டு, பத்து, ரெண்டுன்னு ஆட்டிப் பழகணும். அப்புறம் சேஃப்டி ரிலீஸ், நெஞ்சுக்குக் கீழ சிவப்பா ஒரு பிடி இருக்கும், அதைத் தள்ளினா கைட்டோட இழுவை போயிடும், கண்ணை மூடிட்டு கை தானா அங்க போற வரைக்கும் திரும்பத் திரும்ப பண்ணச் சொல்லுங்க. ரெண்டாவது நாள் பாடி டிராகிங், போர்டு இல்லாம உடம்பை மட்டும் கைட் இழுத்துட்டுப் போகும். ஒரு கையால கைட்டைத் திருப்பற கம்பியை (பார்) பிடிச்சு இன்னொரு கையைத் தண்ணிக்குள்ள நீட்டி கப்பலோட அடிக்கட்டை மாதிரி வச்சுக்கிட்டு காத்துக்கு எதிரா வளைஞ்சு வளைஞ்சு போகக் கத்துக்கணும், மூக்குல வாயில உப்புத்தண்ணி போயிட்டே இருக்கும், போரடிக்குதுன்னு இதை ஸ்கிப் பண்ண நினைக்காதீங்க. போர்டு கழண்டு காத்து வர்ற திசையில நின்னுடுச்சுன்னா அதைப் போய் எடுக்க இது ஒண்ணுதான் வழி. மூணாவது நாலாவது நாள் போர்டு மேல எழுந்து சில மீட்டர் போவீங்க, அந்த சில மீட்டருக்காக நான் எவ்ளோ வேணா செலவு பண்ணுவேன், அப்படி ஒரு சந்தோஷம் அது. பொதுவா தனியா ஓட்டற அளவுக்கு வர பத்துப் பன்னெண்டு மணி நேர கிளாஸ் தேவைப்படும், அதனால போய் இறங்கின மறுநாளே கிளாஸை ஆரம்பிச்சிடுங்க. ஊர் சுத்திப் பாத்துட்டு கடைசி ரெண்டு நாள் கைட்னு வச்சா, அதுல ஒரு நாள் காத்து இல்லன்னா கதை முடிஞ்சுது. ஜூலைல பிற்பகல் காத்து புதுசா வர்றவங்களுக்கு ரொம்ப பலமா இருக்கும், காத்து அப்பதான் எழற நேரத்து ஸ்லாட்டைக் கேட்டு வாங்குங்க.

சர்ஃபிங்குக்கு என்குவென்ட்ரோல காலைல ஆறரை ஏழுக்கு நிக்கணும். மெயின் ரோட்டுலேர்ந்து மண் பாதைல உள்ள போனா மர நிழல்ல வரிசையா சர்ஃப் ஸ்கூல் குடிசைகள், போர்டை அடுக்கி வச்சிருப்பாங்க, காபி வாசனை வரும். டெஸ்ட்ராயர், கோகோ பைப்னு பேர் வச்ச அலைகளெல்லாம் தெரிஞ்சவங்களுக்கு, நீங்க உள்பக்கம் நுரை அலையில நுரை போர்டு வச்சு ஆரம்பிப்பீங்க. அடியில பாறை, அதுல கறுப்பு முள்ளோட சீ அர்ச்சின்னு ஒரு கடல் உயிரி ஒட்டிட்டு இருக்கும், ரப்பர் ஷூ கேட்டு வாங்கிப் போடுங்க, விழும்போது காலை ஊனாம தட்டையா விழுங்க. பத்து மணிக்கு மேல காத்து வந்து அலையைக் கலைச்சிடும், அப்ப கிளம்பிடலாம். ஆனா காலைல சர்ஃப் மதியம் கைட்னு தினமும் ரெண்டையும் வைக்காதீங்க, தோள்பட்டையும் விலாவும் மூணாவது நாள் சொல்லிடும்.

காத்து இல்லாத நாளுக்கு ஒரு லிஸ்ட் மனசுல வச்சுக்கோங்க, ஆனா புக் பண்ணாதீங்க, முந்தின நாள் சாயங்காலம் சொன்னா போதும். எனக்குப் பிடிச்சது இம்பெர்ட் பக்கத்துல இருக்கற டமஹாகுவா 27 அருவி. வழிகாட்டியோட மலையில ஏறிப் போயி, திரும்பும்போது அருவியிலயே குதிச்சும் பாறைச் சறுக்குல வழுக்கியும் இறங்கி வரணும், ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் கட்டாயம். ஏழு, பன்னெண்டு, 27னு எத்தனை அருவின்னு தேர்ந்தெடுக்கலாம், தண்ணி அளவைப் பொறுத்து மேல விட மாட்டாங்க சில சமயம். ஊருக்குப் பின்னாடியே எல் சோக்கோ தேசியப் பூங்கா, குகைக்குள்ள குளம், சில்லுனு இருக்கும். கிழக்கே லா போக்கான்னு யாசிகா ஆறு கடல்ல சேர்ற இடம், தண்ணி கண்ணாடி மாதிரி தட்டையா இருக்கும்.

பக்கத்து ஊர் சொசூவால டைவிங், ஸ்நார்க்கலிங் நல்லா இருக்கும், வளைகுடா அமைதியானது. அந்த ஊருக்கு ஒரு கதை இருக்கு. 1938ல எவியான் மாநாட்டுல உலக நாடுகள் எல்லாம் யூத அகதிகளுக்குக் கதவை மூடினப்போ இந்த நாடுதான் இடம் தர்றேன்னு சொல்லுச்சு, 1940ல வந்தவங்களைக் குடி வச்சது சொசூவாலதான். சொன்னவர் சர்வாதிகாரி ட்ருஹியோ, அதுக்கு முந்தின வருஷம்தான் ஆயிரக்கணக்கான ஹெய்ட்டிக்காரங்களைக் கொன்னு குவிச்சிருந்தார், அந்தக் கறையைக் கழுவத்தான் இந்தப் பெருந்தன்மைன்னு பல வரலாற்று ஆசிரியர்கள் சொல்றாங்க. வந்த அகதிகள் பால் பண்ணை வச்சாங்க, சொசூவா சீஸ் இன்னைக்கும் கடைகள்ல கிடைக்குது. குட்டி மியூசியம் ஒண்ணு இருக்கு, டைவ் முடிச்சுட்டு கட்டாயம் போங்க.

சாப்பாடு பத்தி ஒண்ணும் கவலைப்படாதீங்க. காலைல மங்கூ, அதாவது வாழைக்காயை வேக வச்சு மசிச்சு மேல வெங்காயம் போட்டுத் தருவாங்க, கூட பொரிச்ச சீஸ், முட்டை. மதியம் சோறு, பீன்ஸ் குழம்பு, கறி. சைவமா இருந்தா மோரோ தெ குவாண்டுலெஸ் கேளுங்க, அது நம்ம துவரைதான், பச்சையா சோத்தோட சேத்து வேக வச்சது, ஆனா சில இடத்துல பன்றிக்கறித் துண்டு போடுவாங்க, கேட்டுட்டு வாங்குங்க. குழாய்த் தண்ணி குடிக்காதீங்க. ஊருக்குள்ள போக வர குவாகுவான்னு வேன் ஓடுது, நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி நெருக்கி ஏத்துவாங்க, கைகாட்டினா நிக்கும், சில்லறை பெசோ வச்சுக்கோங்க. மோட்டோகோஞ்சோன்னு பைக் டாக்சி எங்க பாத்தாலும் இருக்கும், ராத்திரில அதுல ஏற வேண்டாம், சாதாரண டாக்சி எடுங்க.

பேக்கிங்ல நம்மாளுங்க மறக்கறது, முழுக்கை லைக்ரா டீஷர்ட் ரெண்டு, மூக்குக்கும் உதட்டுக்கும் வெயிலுக்குத் தடவற ஜிங்க் க்ரீம், கண்ணாடி போடறவங்களா இருந்தா அதைக் கட்டற ஸ்ட்ராப். வெட்சூட் வேண்டாம், தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கும். சொசூவால டைவ் போறதா இருந்தா வாரத்தோட நடுவுல வச்சுக்கோங்க, டைவ் பண்ணினதுக்கு அப்புறம் குறைஞ்சது 18 மணி நேரமாவது கழிச்சுத்தான் ஃப்ளைட் ஏறணும், கடைசி நாளை அதுக்கு ஒதுக்கிடாதீங்க. கடைசி நாள் மதியம் வரைக்கும் கைட்டுக்கு விட்டு வைங்க, முடிஞ்சா சாயங்கால ஃப்ளைட்டா பாத்து எடுங்க.