அப்பாவுக்கு அந்த பம்ப் வைத்திருந்தால் பிழைத்திருப்பாரா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. வீட்டிலேயே மாரடைப்பு வந்து இதயம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் மீண்டும் துடிக்க வைத்து ஸ்டென்ட் போட்டார்கள். பிபி ஏறவில்லை, நினைவும் திரும்பவில்லை. இம்பெல்லா பம்ப் வைக்கலாமா என்று கேட்டோம்; டாக்டர் வேண்டாம் என்றார். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். அந்த பம்ப் உயிர் காக்கும் என்று ஆய்வே இருக்கிறதாமே? கட்டாயப்படுத்திக் கேட்டிருக்க வேண்டுமோ?

பதில்: நீங்கள் சொல்லும் ஆய்வு உண்மையானது. ஆனால் உங்கள் அப்பாவின் நிலையில் இருந்தவர்களை அதில் சேர்க்கவே இல்லை.

2024 ஏப்ரலில் வெளியான ‘டேஞ்சர் ஷாக்’ ஆய்வு அது. ஷாக் என்பது, மாரடைப்பால் இதயம் பலவீனமாகி உடலுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை. டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் மருத்துவமனைகளில் நடந்தது. தொடை ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் இடது கீழறைக்குள் இம்பெல்லா என்ற இந்தச் சிறு பம்பைச் செலுத்துவார்கள். அது ரத்தத்தை உறிஞ்சி மகாதமனியில் விடும். பம்ப் வைத்தவர்களில் 180 நாளுக்குள் இறந்தவர்கள் 45.8 சதவீதம், வைக்காதவர்களில் 58.5. எட்டுப் பேருக்கு வைத்தால் கூடுதலாக ஒருவர் பிழைக்கிறார். இவ்வளவு கொடிய நிலையில் இது சாதாரண விஷயமில்லை. முன்பு சோதித்த பலூன் பம்பும் (மகாதமனிக்குள் பலூனை விரித்துச் சுருக்குவது), எக்மோவும் (இதயம், நுரையீரலின் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் இயந்திரம்) இறப்பைக் குறைக்கவில்லை.

இது மட்டும் பலித்ததற்கு, நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதமும் முக்கியக் காரணம் என்பேன். 355 பேரைத் திரட்டவே பத்தாண்டு ஆனது. ஈசிஜியில் எஸ்டி உயர்வு (ரத்தக்குழாய் பெரும்பாலும் முழுதாக அடைபட்டதன் அடையாளம்) உள்ள மாரடைப்பு, பலவீனமான இடது கீழறை, ரத்தத்தில் கூடிய லாக்டேட் (உடலுக்கு ஆக்சிஜன் போதாதபோது கூடும் பொருள்) எல்லாம் இருக்க வேண்டும். மருத்துவமனைக்கு வெளியில் இதயம் நின்று, மீட்ட பிறகும் கோமாவில் இருப்பவர்கள் கூடாது. காரணம், அவர்களில் பலருடைய உயிரைப் பறிப்பது ஆக்சிஜன் கிடைக்காமல் மூளைக்கு ஏற்பட்ட சேதம். பம்ப் ரத்தத்தை ஓட்டும், மூளையை மீட்காது. 2023-ல் வெளியான எக்மோ ஆய்விலோ நான்கில் மூன்று பேருக்கு மேல் இதயம் நின்று மீட்கப்பட்டவர்கள்; அது பலிக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பம்ப் ஆபத்தில்லாததும் அல்ல. டேஞ்சர் ஷாக்கில் பம்ப் வைத்தவர்களில் 41.9 சதவீதம் பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது; மற்றவர்களில் 26.7. ரத்தக்கசிவும், காலுக்கு ரத்தம் போகாமல் போவதும் கூட அதிகம்.

இத்தகைய ஷாக்கில் முதலில் செய்ய வேண்டியது அடைப்பைத் திறப்பது. அது ஆறு மாத இறப்பைக் குறைக்கிறது என்று 1999-லேயே அமெரிக்க மருத்துவர் ஜூடித் ஹாக்மன் குழு காட்டியது. உங்கள் அப்பாவுக்கு அதைச் செய்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பம்ப் வேண்டாம் என்றதில் அலட்சியம் தெரியவில்லை. நீங்களும் கேட்கத் தவறவில்லை.