500 ரூபாய்க்குள் வாங்கும் இயர்போனில் பேஸும் (கும்மென்ற தாழ்ந்த ஒலி) இல்லை, காதிலும் நிற்பதில்லை. நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் பாதி, "இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து 3000 ரூபாயில் வாங்குங்கள்" என்கின்றன. கேட்டவர் 500 ரூபாய் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். 500 ரூபாய்க்கு வாங்குகிறவனுக்கு மட்டும் காது கிடையாதா என்ன? அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வது காதுக்குள் நுழைகிற, ரப்பர் வைத்த வயர் இயர்போன் என்று எடுத்துக்கொள்கிறேன். பெட்டியில் மூன்று அளவு ரப்பர் கொடுத்திருப்பார்கள். நடு அளவு இயர்போனிலேயே மாட்டியிருக்கும். மீதி இரண்டு ஜோடி ஒரு சின்ன கவரில் இருந்திருக்கும், அது பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்கும். சரிதானே? அப்படியென்றால் அந்த இயர்போனைப் பற்றி இப்போதைக்கு நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது.

என் அத்தை மகன் சென்னை வியாசர்பாடியில் இருக்கிறான். டோலக் வாசிப்பான். கானா என்றால் புளியந்தோப்போ எண்ணூரோ, கல்யாண வீடோ சாவு வீடோ, கூப்பிட்ட இடத்துக்குப் போவான். அவன் பர்மா பஜாரில் ஒரு இயர்போன் வாங்கி வந்தான். பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஆட்களுக்காக 1960களின் கடைசியில் வந்த கடைகள் அவை, பீச் ஸ்டேஷன் எதிரில் வரிசையாக இருக்கும். அங்கே கடைக்காரர் தன் போனிலேயே ஒரு குத்துப் பாட்டை முழு வால்யூமில் வைத்து இவன் காதில் மாட்டிவிட்டிருக்கிறார். பக்கத்தில் ராஜாஜி சாலை பஸ் எல்லாம் உறுமிக்கொண்டு போகிறது. அந்த இரைச்சலில் எதை மாட்டினாலும் சத்தமாக இருப்பதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். பஸ் இன்ஜின் சத்தம் பெரும்பாலும் கனமான, தாழ்ந்த சத்தம். பாட்டின் பேஸை அது அப்படியே மூடிவிடும். அங்கே நின்றுகொண்டு பேஸ் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து, தான் வாசித்த கச்சேரி ரெக்கார்டிங்கைப் போட்டிருக்கிறான். நேராக என்னிடம் வந்துவிட்டான். "மச்சான், இத்துல இடது கை எங்க போச்சு? டக்கு டக்குன்னு வலது கை மட்டுந்தான் கேக்குது. நல்லா ஏமாத்திட்டாம்பா." டோலக்கில் ஒரு பக்கம் கூர்மையாகப் பேசும், இடது கைப் பக்கம் கும்மென்று இறங்கும். அந்த இறக்கம்தான் காணாமல் போயிருந்தது. அன்றைக்கே திரும்பப் போய்க் கடைக்காரரிடம் சண்டை போடுகிற வேகத்தில் இருந்தான்.

அவன் காதைப் பார்த்தேன். வலது பக்க ரப்பர் துளைக்குள் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. "விரலை வச்சு லேசா உள்ள அழுத்திப் புடிடா" என்றேன். அழுத்தியதும், "வருது வருது" என்றான். விரலை எடுத்ததும் போய்விட்டது. பெரிய ரப்பரைத் தேடி எடுத்து வலது பக்கத்துக்கு மட்டும் மாற்றினோம், இடது பக்கத்துக்கு நடு அளவே சரியாக இருந்தது. நம் இரண்டு காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதற்குப் பிறகு கடைக்காரரைப் பற்றி அவன் பேச்சே எடுக்கவில்லை.

காரணம் இதுதான். இயர்போனுக்குள் இருக்கிற தகடு அடைபட்ட கொஞ்சக் காற்றைத் தள்ளித்தான் பேஸைக் காதுக்குக் கொண்டுசேர்க்கிறது. ரப்பருக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், வாஷர் போன சைக்கிள் பம்ப் மாதிரி எவ்வளவு தள்ளினாலும் நிற்காது. முதலில் போவது பேஸ். பாடகர் குரலும் ஜால்ராவும் அப்படியே இருக்கும், அதனால் கேட்கிறவருக்கு இயர்போன் மட்டம் என்றுதான் தோன்றும்.

ஆகவே முதல் சோதனை அந்த அழுத்திப் பார்ப்பதுதான். அழுத்தினால் பேஸ் கூடுகிறதென்றால் ரப்பர் சின்னது, அல்லது சரியாக உட்காரவில்லை. எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழையுங்கள், பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். வாயை அகலத் திறந்து மூடுங்கள், நழுவக் கூடாது. நடக்கும்போது வயர் சட்டையில் உரசி காதுக்குள் டொக் டொக் என்று கேட்டால், வயரைக் காதின் மேல் பக்கமாகச் சுற்றி இறக்கிவிடுங்கள். அந்தச் சத்தமும் குறையும், பிடியும் நிற்கும். வலித்தால் ரப்பர் பெரிது, பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆன்லைனில் வாங்கிப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாமே என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். வாருங்கள். காதுக்குள் போகிற பொருள் என்பதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பல இடங்களில் போட்டிருக்கிறார்கள், அது நியாயம்தான். எனக்கு ஒருமுறை ஒரு சைடு வேலையே செய்யாமல் வந்தது, மாற்றித் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். எடுத்துப்போக ஆள் வருவார் என்றார்கள். "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று மெசேஜ் வந்த நேரத்தில் அம்மா வாசல் படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மறுபடி போட்டால், மெயின் ரோட்டுக்குக் கொண்டு வாருங்கள் என்று போன். நாங்கள் இருப்பது வடசென்னைக் கொடுங்கையூர், அந்தப் பேரைக் கேட்டதும் ஏன் இந்த இழுப்பு? அடுக்குமாடியில் மூன்றாவது மாடி வரை ஏறிக் கொடுக்கிறார்கள், எங்கள் தெருவில் லிஃப்ட்டும் இல்லை, படியும் இல்லை, வண்டி வாசல் வரை வரும். வருகிற பையன்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு, கண்டெய்னர் லாரி நடுவில் புகுந்து வரவேண்டும். ஆனால் வராமலே வந்ததாக எழுதுவது எந்த ஊர் நியாயம்?

சரி, சத்தத்துக்கு வருகிறேன். ரப்பர் சரியானதும் நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போடுங்கள், புதுப் பாட்டு வேண்டாம். குரல் தலைக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், ரப்பரை அந்தந்தக் காதுக்கே வைத்துக்கொண்டு இரண்டு சைடையும் காது மாற்றி மாட்டிப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் கோளாறு இயர்போனிலோ போனிலோ, மாறாவிட்டால் ரப்பர் பொருந்துவதிலோ உங்கள் காதிலோ. "ச", "ஸ" வருகிற இடங்களில் ஊசி குத்தினால் ட்ரெபிளை, அதாவது கூர்மையான ஒலியை, ஏற்றி வைத்திருக்கிறார்கள். தாளம் விழும்போதெல்லாம் குரல் மங்கினால் பேஸ் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது, இந்த விலையில் அதிகம் பார்ப்பது இந்தக் குறையைத்தான். இரண்டு இயர்போனை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள், சமமாக இல்லாவிட்டால் உரக்கக் கேட்பதுதான் ஜெயிக்கும். பெட்டியில் போட்டிருக்கும் 10 எம்எம், 13 எம்எம் எல்லாம் அந்தத் தகட்டின் விட்டம், தரத்துக்கு மார்க் இல்லை.

நான் ஒலிப் பொறியாளர் இல்லை, அளந்து பார்க்கும் கருவியும் என்னிடம் இல்லை. 500 ரூபாய் இயர்போன் 5000 ரூபாய் இயர்போனுக்குச் சமம் என்றும் நான் சொல்லவில்லை, முழுதாகப் படிக்காமல் சண்டைக்கு வராதீர்கள். இதன் வயர், போனில் செருகும் ஜாக் பக்கத்தில் சீக்கிரம் உடையும், மைக் சுமாராகத்தான் இருக்கும், அதெல்லாம் உண்மை. ஆனால் ரப்பர் பொருந்தினால் வெளிச் சத்தம் குறைந்து, கும்மிடிப்பூண்டி ரயிலில்கூட வால்யூமைப் பாதியில் வைத்துக் கேட்க முடியும். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ரயில் இரைச்சலோடு போட்டி போட்டால் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுவோம். தண்டவாளம் தாண்டும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சைடு சத்தம் குறைந்தால் உடனே தூக்கிப் போட வேண்டாம். ரப்பரைக் கழற்றிப் பாருங்கள், சத்தம் வெளியே வரும் சின்ன வலையில் காது அழுக்கு அடைத்திருக்கும். வலை கீழே பார்க்கும்படி பிடித்து, காய்ந்த பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினால் உதிரும். ஊசி போட்டுக் குத்தக் கூடாது.

மாடல் பெயர் கேட்காதீர்கள், இந்த விலையில் ஒரே மாடலில் வாங்கிய இரண்டு பெட்டிகூட ஒரே மாதிரி இருப்பதில்லை. உங்கள் போனில் இயர்போன் ஜாக் செருகும் ஓட்டை இருக்கிறதா, சார்ஜ் போடும் டைப்-சி ஓட்டை மட்டும்தானா என்று எழுதுங்கள். டைப்-சி என்றால் நடுவில் மாட்டுகிற அந்தக் குட்டி கன்வெர்ட்டரும் சத்தத்தை மாற்றும், எதைப் பார்த்து வாங்குவது என்று கீழே கமெண்டில் சொல்கிறேன்.